சிக்கிக்கொண்ட தகடும் எழுதப்படாத அறிவும்

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தியச் சாலைகளுக்கு வந்த கார்கள் சிலவற்றின் டேஷ்போர்டில், ஆறு குறுந்தகடுகளை உள்ளடக்கும் சிடி சேஞ்சர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கார்கள் பல இன்றும் ஓடுகின்றன. எஞ்சின் இயங்குகிறது, பிரேக் பிடிக்கிறது, ஏசி குளிர்விக்கிறது. சேஞ்சர் மட்டும் ஒருநாள் தகட்டை விழுங்கிவிட்டுத் திருப்பித் தர மறுக்கிறது. உள்ளே சில நொடிகள் மோட்டார் முனகி அடங்குகிறது. திரையில் பிழைச் செய்தி தோன்றுகிறது. உரிமையாளர் சேவை மையத்தை நாடினால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இது: இதைப் பழுது பார்ப்பதில்லை; முழு அலகையும் மாற்ற வேண்டும்; அந்த அலகு இப்போது வருவதில்லை.

இந்த விடையில் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. அலகு வருவதில்லை என்பது வணிகச் செய்தி. முழுவதையும் மாற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கை. பழுது பார்ப்பதில்லை என்பதோ, கேட்பவர் காதில் ‘பழுது பார்க்க முடியாது’ என்று விழுகிறது. பிழை அங்கேதான் நேர்கிறது. சிக்கிய சிடி சேஞ்சர் பல நேரங்களில் பழுது நீக்கத்தக்கதே. அதற்கு வேண்டிய அறிவும் நாட்டில் உள்ளது. அவ்வறிவின் ஒரு பாதி நிறுவனங்களின் பூட்டிய கோப்புகளில் இருக்கிறது. மறுபாதி எழுதப்படாமல் தொழிலாளர்களின் விரல்களில் இருக்கிறது. ஒரு பொருளின் ஆயுளை அதன் உலோகமும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு தீர்மானிக்கின்றனவோ, அவ்வளவு அதைப் பற்றிய அறிவு கிடைக்கும் வழியும் தீர்மானிக்கிறது. பழுது நீக்கும் உரிமை குறித்து இந்தியாவில் நடைபெறும் விவாதம் இந்த இடத்தைப் போதிய அளவு தொடவில்லை.

வாதத்துக்கு முன் கருவியை அறிந்துகொள்வது நலம். 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் விட்டம் 120 மி.மீ.; தடிமன் 1.2 மி.மீ. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத லேசர் கதிர், அதில் பதிந்துள்ள நுண்குழிகளை மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் படித்துச் செல்கிறது. தடத்தின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் தொலைவே உண்டு. இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் ஆகிய கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீட்டை அடிப்படையாகக் கொண்ட முறை இத்தகடுகளில் பயன்படுகிறது. அதனால் தடம் தொடர்ச்சியாக ஏறத்தாழ 2.5 மி.மீ. நீளத்துக்குச் சிதைந்திருந்தாலும் இழந்த தரவை முழுமையாக மீட்க முடிகிறது.

இத்தனை நுட்பத்தையும் தாங்கி நிற்பது எளிய இயந்திரம். காரின் டேஷ்போர்டில் ஆடியோ அலகுக்கென வகுக்கப்பட்ட அளவு, 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது, இரட்டை அளவாயின் உயரம் 100 மி.மீ. ஆறு தகடுகளின் மொத்தத் தடிமன் 7.2 மி.மீ. மட்டுமே. எஞ்சிய இடத்தில் தகட்டை உள்ளிழுக்கும் ரப்பர் உருளைகள், தகடுகளைத் தாங்கும் தட்டுகள், அவற்றை ஏற்றி இறக்கும் தூக்கி, இரண்டு தட்டுகளுக்கு இடையே நுழைந்து தகட்டைப் படிக்கும் கரம், சிறு மோட்டார்கள், பற்சக்கரங்கள், ஒவ்வொரு அசைவும் முடிந்ததைத் தெரிவிக்கும் நுண் சுவிட்சுகள் எல்லாம் அடங்க வேண்டும். உருளை இழுக்கும்; தட்டு ஏற்கும்; தூக்கி உயரும்; தட்டுகள் விலகும்; கரம் நுழையும். இந்த வரிசையில் ஒன்று முடிந்ததாகச் சுவிட்சு சொன்ன பின்னரே அடுத்தது தொடங்கும்.

ஆகவே சிக்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, பாதியில் நின்றுபோன ஒரு வரிசை. உரிய நேரத்துக்குள் சுவிட்சிலிருந்து செய்தி வராவிட்டால் கட்டுப்பாட்டுச் சில்லு மோட்டாரை நிறுத்திவிட்டுப் பிழைச் செய்தியைக் காட்டும். நின்றதற்கான காரணங்களும் பெரும்பாலும் எளியவை. வீட்டில் பதிவுசெய்த தகட்டின் மேல் ஒட்டப்பட்ட காகிதம், கோடை வெயிலில் பசை இளகிப் பாதி உரிந்திருக்கும். முதல் தகடு உள்ளே செல்லுமுன் இரண்டாவது திணிக்கப்பட்டிருக்கும். 80 மி.மீ. விட்டமுள்ள சிறு தகடு ஒன்று நுழைந்திருக்கும். ரப்பர் உருளை இறுகிப் பளபளத்துப் பிடிப்பை இழந்திருக்கும். கிரீஸ் புழுதியோடு கலந்து மெழுகாகியிருக்கும். பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும். தகடு பாதி வழியில் இருக்கையில் பேட்டரி செயலிழந்திருக்கும். 2.5 மி.மீ. சிதைவைப் பொறுத்துக்கொள்ளும் கணிதத்தை, உரிந்த காகித விளிம்பு ஒன்று செயலற்றதாக்கிவிடுகிறது.

பழுது நீக்குபவர் செய்யும் முதல் வேலை கேட்பது. மோட்டார் சுழலும் ஓசை வந்து தகடு அசையாவிட்டால் உருளையிலோ பெல்ட்டிலோ வழுக்கல். ஓசை தொடங்கித் திணறி நின்றால் தடை. ‘டக் டக்’ என்று ஒரே சீராகத் தட்டினால் பல் உடைந்த சக்கரம். ஓசையே இல்லையெனில் மின்னோட்டம் அல்லது சுவிட்சு. இந்தப் பகுப்பை முடித்த பின்னரே திருப்புளி கைக்கு வரும். பேட்டரியின் எதிர்முனை கழற்றப்பட வேண்டும். அதற்கு முன், மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ரகசியக் குறியீட்டைக் கேட்கும் வகை ஆடியோதானா என்று பார்த்துக் குறியீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள கார்களில் துண்டித்த பின்னும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அலகை வெளியே எடுத்து மேல்மூடியைக் கழற்றியதும், எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொள்வது நல்ல தொழிலாளியின் வழக்கம்.

அடுத்து வருவது பொறுமை. சிக்கிய தகட்டைக் கத்தியாலோ இடுக்கியாலோ பற்றி இழுப்பதுதான் பெரும்பாலான சேஞ்சர்களுக்கு நேரும் இறுதிச் சேதம்; தகடு வெளிவரும், கூடவே கரமும் வளைந்துவிடும். தேர்ந்தவர் மோட்டாரின் அச்சில் உள்ள சிறு சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பி, வரிசையைப் பின்னோக்கி ஓட்டுகிறார். எந்த அசைவில் விரல் தடையை உணர்கிறதோ அங்கேதான் நோய். தடை நீங்கிய பின், பற்சக்கரங்களில் பொறிக்கப்பட்ட குறிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பொருந்தினாலும் அடுத்த தகட்டில் மீண்டும் சிக்கும். உருளையையும் லென்ஸையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பழைய கிரீஸை அகற்றி, பிளாஸ்டிக்கை அரிக்காத புதிய கிரீஸை மிகக் குறைவாக இட வேண்டும். மூடி திறந்த நிலையில் இயக்கிப் பார்க்கையில் லென்ஸுக்கு நேராகக் கண்ணை வைக்கக் கூடாது. செலவு சில நூறு ரூபாய்ப் பொருள். மீதியெல்லாம் அறிவுக்கும் நேரத்துக்குமான கூலி.

மேற்கண்ட இரண்டு பத்திகளில் உள்ளது ஒரு முறையியல். அறிகுறியிலிருந்து கருதுகோள், கருதுகோளைச் சோதிக்க மிகக் குறைந்த தலையீடு, தலையீட்டுக்கு முன் ஆவணப்படுத்தல், முடிவுக்குப் பின் சரிபார்ப்பு. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இதே படிகள் வந்தால் மதிப்புப் பெறும். கரோல் பாக் சந்தின் மரப்பலகை மேல் நடந்தால் ‘ஜுகாட்’ என்ற பெயர் பெறும்.

அந்தச் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் மேலாண்மைத் துறை எழுத்துகளில் ஜுகாட் இந்தியரின் இயல்பான படைப்பூக்கமாகக் கொண்டாடப்பட்டது. கொண்டாட்டத்தின் மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரு செயலை இயல்பு என்று அழைத்துவிட்டால், அதற்குப் பின்னுள்ள பயிற்சியைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. பயிற்சியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதற்கு ஊதியமும் சான்றும் வேண்டியதில்லை. டெல்லியின் கரோல் பாக்கிலும் காஷ்மீரி கேட் உதிரிப்பாகச் சந்தையிலும் ‘உஸ்தாத்’ என்று அழைக்கப்படுபவரிடம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்பவர் ‘ஷாகிர்த்’. பல ஆண்டுகள் உருளை துடைத்த பின்னரே ஓசை கேட்டு நோய் சொல்லும் காது வாய்க்கிறது. கையால் செய்யும் தொழிலை அறிவின் எல்லைக்கு வெளியே நிறுத்திய சாதிய மரபு, இப்போது புகழ்ச்சியின் மொழியில் அதே வேலையைச் செய்கிறது.

தொழில்நுட்ப வல்லுநரின் அறிவு குறித்த புலமை உலகில் இல்லாமல் இல்லை. மானிடவியலாளர் ஜூலியன் ஓர், நகல் பொறி பழுது நீக்குவோரிடையே செய்த களஆய்வை 1996இல் நூலாக்கினார். நிறுவனம் வழங்கிய கையேடு போதாத இடங்களில், தொழிலாளர்கள் தாம் கண்ட பழுதுகளைக் கதைகளாகப் பகிர்ந்து நோயறியும் அறிவை உருவாக்கினர் என்பது அவர் கண்டது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட நூல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுவதை விடுத்துப் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று வாதிட்டது. இந்த நூல்கள் இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் பயிலப்படுகின்றன. ஆனால் ஓர் ஆய்வு செய்த தொழிலாளர்களிடம் கையேடு இருந்தது. அது போதவில்லை என்பதே அங்கு சிக்கல். இந்தியச் சந்தைகளின் தொழிலாளிக்குக் கையேடே பெரும்பாலும் எட்டுவதில்லை. ஒரு சேஞ்சரின் பல்வரிசைக் குறிகள் எப்படி நிற்க வேண்டும் என்பதை அறிய, அதே மாதிரியில் இன்னொன்றை மாயாபுரி போன்ற பழைய இரும்புச் சந்தையில் தேடி வாங்கிப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை. ஒரு பக்க வரைபடம் தீர்க்கக்கூடிய ஐயத்தைத் தீர்க்க ஒரு கருவி பலியாகிறது.

சட்டம் இந்தச் சிக்கலை அறியாததன்று. சுதந்திரமான பணிமனைகளுக்கு உதிரிப்பாகங்கள், பழுது நீக்கும் கையேடுகள், நோயறியும் கருவிகள் ஆகியவை கிடைக்காதபடி செய்ததாக 14 கார் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று 2,544.65 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன, தண்டத் தொகையே செய்தியாயிற்று, கையேடுகள் பற்றிய பகுதி மறக்கப்பட்டது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது நீக்கும் உரிமை குறித்த குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வேளாண் கருவிகள், அலைபேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளுக்கான இணையவாயில் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும் அதில் இடம்பெறுவதை நிறுவனங்கள் தாமாக முன்வந்து தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ தன் 2007ஆம் ஆண்டின் 715ஆம் எண் ஒழுங்குமுறை வழியாக, வாகனப் பழுது நீக்கத் தகவல்களைச் சுதந்திரப் பணிமனைகளுக்கு வழங்குவதை உற்பத்தியாளரின் கடமையாக்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

இந்திய நிலையில் காலக்கணக்கு ஒன்றும் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அதாவது சட்டமே ஒரு காருக்கு 20 ஆண்டு வாழ்வை ஏற்கிறது. காரினுள் இருக்கும் மின்னணு அலகுக்கு அந்த ஆயுளை உறுதிசெய்யும் கடமையை யார் மீதும் அது சுமத்தவில்லை.

எதிர்வாதங்கள் உள்ளன, அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. அலைபேசியில் எல்லாப் பாடல்களும் கிடைக்கும் காலத்தில் சேஞ்சர் எதற்கு என்பது முதல் கேள்வி. சில அலகுகளின் பின்புறத்தில் உள்ள இணைப்பில் புளூடூத் கருவியைப் பொருத்தினால் தகடே தேவையில்லை. அதுவும் பழுது நீக்கத்தின் ஒரு வழியே. ஆனால் அந்த இணைப்பின் எந்த முனை எதற்கு என்பதையும் கையேடுதான் சொல்ல வேண்டும். மேலும் பல கார்களில் ஆடியோ அலகும் ஏசியின் கட்டுப்பாட்டுத் திரையும் ஒரே சட்டகத்தில் உள்ளன. ஒன்றை எறிந்தால் மற்றதும் போகும். பாதுகாப்பு என்பது இரண்டாவது. பயிற்சியற்றவர் ஏர்பேக் அருகே கை வைப்பது ஆபத்து என்பது உண்மை. கையேட்டை மறைத்துவைப்பது அந்த ஆபத்தைக் குறைக்காது. எச்சரிக்கை எழுதியுள்ள பக்கத்தையும் சேர்த்தே மறைக்கும். மூன்றாவது அறிவுசார் சொத்துரிமை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் உற்பத்தி நின்ற சேஞ்சரின் பற்சக்கர வரைபடத்தில் காக்க வேண்டிய வணிக ரகசியம் எது என்பதை நிறுவனம்தான் விளக்க வேண்டும்.

சேஞ்சர் ஒரு காரணத்துக்காக முக்கியமானது: காரின் மின்னணுவியலில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளத்தக்க கடைசிக் கருவிகளில் அதுவும் ஒன்று. சக்கரம் சுற்றுவது தெரியும். தடை விரலுக்கு எட்டும். அதன் இடத்தில் இன்று தொடுதிரை இருக்கிறது. அதன் பழுது மென்பொருளில் இருக்கலாம். சில கார்களில் மாற்றிப் பொருத்திய பாகத்தை நிறுவனத்தின் கணினி ஏற்றுக்கொண்டால்தான் அது இயங்கும். கண்ணுக்குத் தெரியும் இயந்திரத்தின் அறிவையே பாதுகாக்காத நாடு, தெரியாத இயந்திரத்தின் முன் எந்த வலிமையுடன் பேரம் பேசும்?

செய்யத்தக்க ஒன்றுக்கு முன்மாதிரி இந்தியச் சட்டத்திலேயே உள்ளது. நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் கூறுகிறது. விற்பனையில் தோற்ற நூலும், பதிப்பகம் மூடப்பட்ட நூலும் அதனால் பிழைத்திருக்கின்றன. அச்சட்டத்தின் கொள்கையைப் பழுது நீக்கும் கையேடுகளுக்கும் விரிக்கலாம். இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு வாகனத்தின், சாதனத்தின் கையேடும் விற்பனை தொடங்கும்போதே பொதுக் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட வேண்டும்; உற்பத்தி நின்று குறித்த காலம் கழிந்ததும் எவரும் படிக்கத் திறக்கப்பட வேண்டும். நிறுவனத்துக்கு இதனால் கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. தன் சேவை மையங்களுக்கென அது முன்பே எழுதிய கையேடு அது.

எழுதப்படாத மறுபாதி பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. தொழிலாளரின் முன்கற்றலை அங்கீகரிக்கும் அரசுத் திட்டம் உள்ளது. அது தொழிலாளிக்குச் சான்று தருகிறது, அவர் அறிந்ததைப் பதிவு செய்வதில்லை. தொழிற்கல்வியைப் பொதுக்கல்வியோடு இணைக்குமாறு 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. வகுப்புக்கு உஸ்தாதை ஆசிரியராக அழைக்கும் துறைகள் அரிது. வாய்மொழி இலக்கியத்தைப் பதிவுசெய்யப் பல பத்தாண்டுகளாகச் செம்மைப்படுத்தப்பட்ட முறைகள் நாட்டாரியலில் உள்ளன. ஓசை கேட்டுப் பழுதறியும் முறையைப் பதிவுசெய்யவும் அவை பொருந்தும். அப்படிப் பதிவு செய்கையில் தொழிலாளியின் பெயர் தகவலாளி என்ற அடிக்குறிப்பில் ஒடுங்காமல் ஆசிரியர் என்ற இடத்தில் நிற்க வேண்டும். விரும்பினால் உரிமைத் தொகையும் சேர வேண்டும். இல்லையேல் நிறுவனம் செய்ததையே பல்கலைக்கழகமும் செய்ததாகும்.

பொருளை விட்டு அறிவு பிரிந்தால் என்ன நேரும் என்பதற்குப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே சான்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010இல் பழைய பொருளாக ஏலம் விடப்பட்டு, மாயாபுரிச் சந்தையில் பிரிக்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பலர் கதிர்வீச்சுக்கு ஆளாகினர். ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சிக்கிய சிடி சேஞ்சர் எவரையும் கொல்லாது. ஆயினும் இரண்டிலும் அடிப்படை ஒன்றே: கருவி ஓரிடத்திலும் அதைப் பற்றிய அறிவு வேறிடத்திலும் கிடந்தன, இடைவெளியின் விலையைத் திருப்புளி பிடித்தவர் செலுத்தினார்.

இந்த ஆண்டு ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர் எவரேனும் கரோல் பாக்கின் ஒரு பலகைக்கு முன் மூன்று மாதம் அமரத் துணிந்தால், நூலகத்தில் கிடைக்காத ஒரு துறையின் முதல் ஏட்டை எழுதும் வாய்ப்பு அவருக்கு உண்டு. சேஞ்சர்களைப் பிரித்துச் சேர்த்த தலைமுறைக்கு இப்போது வயது ஏறிவருகிறது. அவர்களிடம் கற்ற இளைஞர்கள் அலைபேசித் திரை மாற்றும் தொழிலுக்குச் சென்றுவிட்டால், கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பும் அவர்களோடு போய்விடும்.